ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா: எஸ்.எல்.ஆரிலிருந்து வருபவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் எஸ்.எல்.ஆரில் படமெடுத்துப் பழகிய ஒருவர் இப்போது லைகா எம்6 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியிருக்கிறார். கூடவே 50 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்று, 35 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்று. (எஃப் எண் என்பது அபெர்ச்சரின், அதாவது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு; எண் சிறியதானால் துவாரம் பெரிது.) சில ரோல்கள் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு மூன்று குறை சொல்கிறார். கிட்டத்தில் எடுத்த முகங்களில் கண் கூர்மையாக இல்லை. வியூஃபைண்டரில் பார்த்த ஃபிரேமும் நெகட்டிவில் விழுந்த ஃபிரேமும் ஒத்துப்போகவில்லை. ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் எடுக்க நினைத்தது நடந்து முடிந்துவிடுகிறது. கேமராவில் கோளாறா, என் கையில் கோளாறா என்று கேட்கிறார்.

கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் எஸ்.எல்.ஆரிலிருந்து மாறும் எல்லோருக்கும் வருபவை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

எஸ்.எல்.ஆர். லென்ஸ் பார்ப்பதையே உங்களுக்கும் காட்டும். ஃபோகஸ் தப்பினால் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும், உடனே திருத்திக்கொள்வீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸோடு சம்பந்தமில்லாத தனி ஜன்னல் வழியாக. அதில் பக்கத்து மரமும் தூரத்து மலையும் எப்போதும் ஒரே தெளிவோடு இருக்கும். லென்ஸ் எங்கே ஃபோகஸ் ஆகியிருக்கிறது, பின்னணி எவ்வளவு கரையும் என்பதெல்லாம் தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே ரோல் முழுவதும் எடுத்து முடிக்கலாம், வியூஃபைண்டரைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் இருக்காது. அந்த ஜன்னல் சொல்வது இரண்டே விஷயங்கள்: நடுவில் இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஒன்று, படம் ஏறத்தாழ எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது இன்னொன்று. மற்றதெல்லாம் உங்கள் மனதில் இருக்க வேண்டும். இது தூரம் அளக்கும் கருவி, அதோடு ஒரு கேமரா சேர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பழகத் தொடங்குங்கள். நான் சொல்லப்போகும் எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

எப்படி அளக்கிறது? கேமராவின் முன்பக்கத்தில், நீங்கள் பார்க்கும் பெரிய ஜன்னலைத் தவிர இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே எம்6-இல் 69.25 மி.மீ. இடைவெளி. சின்ன ஜன்னலில் விழும் காட்சி உள்ளே திருப்பப்பட்டு, பெரிய ஜன்னலின் நடுவில் வெளிச்சமான ஒரு சிறு சதுரமாகத் தெரிகிறது. லென்ஸை மாட்டும்போது அதன் பின்பக்க வளையம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையை அழுத்தும். நீங்கள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உருளை முன்னும் பின்னும் நகர, சதுரத்துக்குள் இருக்கும் உருவம் இடம் வலமாக நகரும். இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடம்தான் சரியான தூரம். லென்ஸோடு இணைந்து இப்படித் தூரம் அளக்கும் அடிப்படை 1932-இல் லைகா II, கான்டாக்ஸ் என்ற இரண்டு கேமராக்களிலும் வந்தது; இன்றும் மாறவில்லை.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஜன்னல்களின் இடைவெளியை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது பயன் அடித்தள நீளம். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நுட்பமாக ஃபோகஸ் செய்யலாம். 0.72 உருப்பெருக்கம் உள்ள எம்6-இல் இது சுமார் 50 மி.மீ. 1954-இல் வந்த எம்3-இல் உருப்பெருக்கம் 0.91 என்பதால் சுமார் 62 மி.மீ. 1973-இல் வந்த குட்டிக் கேமரா லைகா சிஎல்-இல் 19 மி.மீ. மட்டுமே. சிஎல்-லுக்கென்று வந்த 90 மி.மீ. லென்ஸ் எஃப்/4 ஆக இருந்ததற்கு இதுவும் ஒரு நியாயம். உங்கள் எம்6-க்கு 35-உம் 50-உம் எந்த அபெர்ச்சரிலும் வசதியாக அடங்கும். 90 மி.மீ. எஃப்/2 மாட்டினால் கவனம் வேண்டும். 135 மி.மீ. என்றால் அதன் ஃபிரேம் நடுவில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்; அதை விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது முகங்களுக்கு வருவோம்.

சதுரத்தை வைத்து ஃபோகஸ் செய்ய இரண்டு வழி உண்டு. இரட்டையாகத் தெரியும் உருவங்களை ஒன்றாக்குவது ஒரு வழி. சதுரத்தின் விளிம்பில் ஒரு கோடு உடைந்து தெரிவதை நேராக்குவது இன்னொரு வழி. கதவு நிலை, கம்பம், கட்டிட மூலை போன்றவற்றுக்கு இரண்டாவது வழி மிகத் துல்லியமானது. முகத்தில் அப்படி நீளமான கோடு கிடைக்காது. அங்கே முதல் வழிதான். கண்ணின் வெண்பகுதியும் கருவிழியும் சந்திக்கும் விளிம்பைப் பிடியுங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் என்றால் அதன் சட்டத்தின் பக்கவாட்டு விளிம்பு சுலபம். உருவம் இடம் வலமாகத்தான் நகரும் என்பதால் படுக்கைக் கோடுகளால் பயனில்லை. புருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய முயன்றால் ஏமாந்துபோவீர்கள். படுக்கைக் கோடு மட்டுமே இருக்கும் இடத்தில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி படுக்கையாக்குங்கள். ஜன்னல் கம்பி, வேலி, செங்கல் வரிசை போல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பொருள்களில் ஒரு கம்பி அடுத்த கம்பியின்மேல் பொருந்தி, ஃபோகஸ் ஆகிவிட்டது போலக் காட்டும். அந்த மாதிரி இடங்களில் கம்பிமேல் இருக்கும் துரு, ஒரு விரிசல் என்று தனித்து நிற்கும் எதையாவது பிடிக்க வேண்டும்.

வளையத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேடும் பழக்கம் எஸ்.எல்.ஆரிலிருந்து வருவது. இங்கே அதை விட்டுவிடுங்கள். முடிவிலியிலிருந்து ஆரம்பித்துக் கிட்டத்தை நோக்கி ஒரே திசையில் திருப்பி, பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிப்போனால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி அதே திசையிலிருந்து வாருங்கள். சில நாளில் கை தானாகவே நிற்கும்.

கண்ணை வியூஃபைண்டரின் நடுவில் வைப்பதும் முக்கியம். கண் ஓரமாகப் போனாலோ, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் ஜன்னலில் அடித்தாலோ, சதுரம் வெளுத்துப்போய் உள்ளே எதுவும் தெரியாது. எம்6-இல் இந்தத் தொந்தரவு கொஞ்சம் அதிகம். 2003-இல் வந்த எம்பி மாடலில் இதைச் சரிசெய்தார்கள். உங்கள் கேமராவில் அப்படி ஆகும்போது பதறாமல் கண்ணை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், சதுரம் திரும்பி வரும்.

சரி, சதுரம் அழகாகப் பொருந்தியும் கண் ஏன் மங்கலாகிறது? சதுரம் நடுவில் மட்டுமே இருப்பதால், கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேமை அமைக்கிறீர்கள். அந்தத் திருப்பலில்தான் தப்பு நடக்கிறது. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2, 1 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கூர்மை இருக்கும் ஆழம் மொத்தம் சுமார் 4.6 செ.மீ. அதாவது கண்ணுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. நிமிர்த்திப் பிடித்த ஃபிரேமில் கண்களை மேல்பகுதிக்குக் கொண்டுபோகக் கேமராவைக் கீழே சாய்க்கிறீர்கள். கோணம் 14 டிகிரி வரை வரலாம். ஃபோகஸ் தளம் ஒரு தட்டையான சுவர். கேமராவோடு சேர்ந்து அதுவும் சாயும். 14 டிகிரிக்கு அது கண்ணைவிட்டு 3 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. கையிருப்பு 2.3 செ.மீ. தான். நெகட்டிவை லூப்பில் (சிறு பூதக்கண்ணாடியில்) பாருங்கள்: கண் இமை மங்கி, நெற்றிப்பொட்டோரம் இருக்கும் முடி இழை இழையாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

தீர்வு மூன்று. எஃப்/4-க்கு வாருங்கள், ஆழம் இரட்டிப்பாகும். அல்லது ஃபிரேமைத் திருப்பிய பிறகு உடம்பை ஒரு விரல்கடை பின்னால் சாயுங்கள். அல்லது கண்ணை நடுவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படத்தை அமையுங்கள். நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் செய்கிறேன், படமும் அதனால் கெடுவதில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நின்றுகொண்டிருக்கும் மனிதர் யாரும் அசையாமல் நிற்பதில்லை. ஃபோகஸ் செய்து, ஃபிரேம் அமைத்து, அழுத்துவதற்குள் நீங்கள் ஒரு சென்டிமீட்டர் ஆடுவீர்கள், அவரும் ஆடுவார். அதனால் கிட்டத்தில் எடுக்கும்போது வளையத்தை 0.7 மீட்டரிலோ 1 மீட்டரிலோ வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். உடம்பை மெல்ல முன்னால் கொண்டுபோய்ச் சதுரத்தில் கண் பொருந்தும் நொடியில் அழுத்துங்கள். திருப்பித் தேடுவதைவிட இது வேகமானது, சரியாக விழும் படங்களும் அதிகம்.

பழைய சோனார் வகை லென்ஸ்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அபெர்ச்சரைக் குறைக்கும்போது அவற்றில் ஃபோகஸ் இடமே சற்றுப் பின்னால் நகரும். எஸ்.எல்.ஆரில் அந்த அபெர்ச்சரில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டருக்கு அது தெரியவே தெரியாது. எந்த அபெர்ச்சரில் எவ்வளவு நகர்கிறது என்பதை ஒருமுறை ஃபிலிமில் எடுத்துப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கேமராவில் கோளாறா என்ற கேள்வி. பிழை எப்போதும் ஒரே பக்கமாக விழுகிறதா, மாறி மாறி விழுகிறதா என்று முதலில் நெகட்டிவ்களில் பாருங்கள். ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்றால் அது கைப்பழக்கம். எப்போதும் பின்னால், அல்லது எப்போதும் முன்னால் என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். லென்ஸை முடிவிலியில் முட்டும்வரை திருப்பி, தொலைதூரத்தில் இருக்கும் கோபுரம் ஒன்றையோ இரவில் நிலாவையோ பாருங்கள். சதுரத்துக்குள் இருக்கும் உருவம் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். இடம் வலமாக விலகியிருந்தால் தூர அளவு தப்பு. மேல் கீழாக விலகியிருந்தால் அளவு தப்பாகாது, ஆனால் பொருத்திப் பார்ப்பது கடினமாகி அதனாலேயே ஃபோகஸ் தப்பும். முடிவிலியில் சரியாக இருந்தும் கிட்டத்தில் தப்பலாம் என்பதால் அடுத்தது கிட்டப் பரிசோதனை: முக்காலியில் கேமரா, 1 மீட்டரில் சாய்வாக வைத்த அளவுகோல், எஃப்/2, நடுக்கோட்டில் ஃபோகஸ். இரண்டு லென்ஸிலும் எடுங்கள். இரண்டிலும் ஒரே பிழை என்றால் கேமரா; ஒன்றில் மட்டும் என்றால் அந்த லென்ஸ். முன்பக்கம் திருகு தெரிகிறதே என்று நீங்களே திருகாதீர்கள். முடிவிலியைச் சரிசெய்வதும் கிட்டத்தைச் சரிசெய்வதும் வேறு வேறு இடங்கள், ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும்.

இரண்டாவது குறை, ஃபிரேம். எம்6-இல் லென்ஸ் மாட்டியதும் அதற்குரிய வெள்ளைக் கோடுகள் தாமாக வரும்; 28-உம் 90-உம் சேர்ந்து, 35-உம் 135-உம் சேர்ந்து, 50-உம் 75-உம் சேர்ந்து. நீங்கள் ஃபோகஸ் செய்யும்போது கோடுகள் மூலைவிட்டமாக நகர்ந்து, ஜன்னலும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதை ஈடுகட்டும். ஆனால் கோடுகளின் அளவு மாறாது. எந்த லென்ஸும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்போது முன்னால் நீண்டு, பார்க்கும் பரப்பு குறையும். எம்6-இன் கோடுகள் 0.7 மீட்டருக்குப் பொருந்துமாறு வரையப்பட்டவை. அதனால் 50 மி.மீ. லென்ஸில் தொலைவில் எடுக்கும்போது அகலத்திலும் உயரத்திலும் சுமார் 8 சதவீதம் அதிகமாக விழும். நீங்கள் ஒதுக்கிவைத்த மின்கம்பம் படத்தின் ஓரத்தில் வந்து நிற்பது இதனால்தான். தூரக் காட்சிகளில் கோட்டை முட்டும் அளவுக்கும், அதற்கு ஒரு கோட்டுத் தடிமன் அதிகமாகவும் துணிந்து நிரப்புங்கள். ஜன்னல்கள் வரிசையாக உள்ள ஒரு கட்டிடத்தை எடுத்து, வியூஃபைண்டரில் எந்த ஜன்னல்வரை தெரிந்தது, நெகட்டிவில் எதுவரை வந்தது என்று ஒப்பிட்டால் உங்கள் லென்ஸின் கணக்கு ஒரே படத்தில் பிடிபடும்.

ஈடுகட்ட முடியாத ஒன்றும் உண்டு. உங்கள் கண் இருக்கும் இடமும் லென்ஸ் இருக்கும் இடமும் சில சென்டிமீட்டர் விலகியிருப்பதால், முன்னால் இருக்கும் பொருளும் பின்னால் இருக்கும் பொருளும் ஒன்றையொன்று மறைக்கும் விதம் மாறும். ஒரு கிளைக்கும் அதற்குப் பின்னால் உள்ள முகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டு நீங்கள் அமைத்தது படத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி நுணுக்கமான அமைப்பு தேவைப்பட்டால், ஃபிரேமைப் பார்த்து முடித்ததும் உங்கள் கண் இருந்த இடத்துக்கு லென்ஸ் வருமாறு கேமராவை நகர்த்தி அழுத்துங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் 0.72 வியூஃபைண்டரில் 28 மி.மீ. கோடு முழுதாகத் தெரிவது கஷ்டம்; 35 ஓரளவு, 50 தாராளம். 21 மி.மீ. லென்ஸ் என்றால் கேமராவின் மேலே மாட்டும் தனி வியூஃபைண்டர் வேண்டும். ஃபோகஸ் ஓரிடத்தில், ஃபிரேம் இன்னோர் இடத்தில். இவ்வளவு சிரமப்பட்டு அகல லென்ஸை ஏன் இதில் மாட்டுகிறார்கள் என்றால், எஸ்.எல்.ஆரில் உள்ளது போலக் கண்ணாடி புரளும் இடம் தேவையில்லாததால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகே போக முடிகிறது. லைகாவின் எம் மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து) ஃபிலிம்வரை 27.8 மி.மீ.தான், நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5. 1954-இல் கான்டாக்ஸுக்கு வந்த 21 மி.மீ. பயகான் லென்ஸ் இந்த வசதியால் பிறந்தது. நேர்கோடுகள் நேராகவே நிற்கும் அந்த ஓவிய ஒழுங்கைப் பார்த்தவர்கள் சிரமத்தைப் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஃபோகஸ் செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கேமரா கண்ணுக்கு வரும்போது ஃபோகஸ் முடிந்திருக்க வேண்டும்.

35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் 3 மீட்டருக்கு வையுங்கள். சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர்வரை கூர்மையாக விழும். தெருவில், விழாவில், வீட்டுக்கு வெளியே நடக்கும் மனித நடமாட்டத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400 ஃபிலிம் என்றால் மேகமூட்டத்தில் எஃப்/8-உம் 1/500 நொடியும், கட்டிட நிழலில் எஃப்/8-உம் 1/125 நொடியும் கிடைக்கும். அதே லென்ஸை எஃப்/11-இல் 3.7 மீட்டருக்கு வைத்தால் ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து முடிவிலிவரை. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, லென்ஸின்மேலேயே அளவுகோல் பொறித்திருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: ஃபிலிமில் 0.03 மி.மீ. வரை மங்கல் ஏற்கத்தக்கது என்ற கணக்கில் வந்தவை அவை. பெரிய பிரிண்ட் போடுவதாக இருந்தால் ஒரு ஸ்டாப் (அபெர்ச்சர் அளவில் ஒரு படி) கண்டிப்பாக இருங்கள். எஃப்/8-இல் எடுக்கும்போது அளவுகோலில் 5.6-இன் கோடுகளைப் படியுங்கள்.

50 மி.மீ. லென்ஸில் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே தூரத்தை மதிப்பிடும் கண் வேண்டும், அந்தக் கண்ணை இந்தக் கேமராவே பழக்கிக் கொடுக்கும். ஃபிலிம் போடாமல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு நாற்காலியைப் பார்த்து இரண்டு மீட்டர் என்று மனதில் சொல்லி வளையத்தை அங்கே வைத்துவிட்டு, பிறகு வியூஃபைண்டரில் பாருங்கள். சதுரம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு உங்கள் மதிப்பீடு பிழை. தினமும் கொஞ்ச நேரம் இதைச் செய்தால் ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று மீட்டர்களை உடம்பே அறிந்துகொள்ளும். ஃபிரேமும் உதவும்: படுக்கையாகப் பிடித்த 35 மி.மீ. ஃபிரேமில் ஒருவர் தலை முதல் கால்வரை நிரம்பினால் அவர் இரண்டரை மீட்டரில் இருக்கிறார். 50-இல் என்றால் மூன்றரை மீட்டர்.

பல 35 மி.மீ. லென்ஸ்களில் விரல் பதிய ஒரு ஃபோகஸ் டேப் (வளையத்தில் நீட்டியிருக்கும் சிறு பிடி) இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்தால் எத்தனை மீட்டர் என்பதை விரல் கற்றுக்கொண்டுவிடும். நேர்கீழே இருந்தால் எத்தனை என்று உங்கள் லென்ஸில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவர் நடந்து வருகிறார், நீங்கள் அவரைப் பார்த்தபடியே இடுப்பருகே விரலால் இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோகிறீர்கள், கேமரா கண்ணுக்கு வரும்போது சதுரத்தில் சின்னத் திருத்தம் மட்டும் மிச்சம். இதைத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் வேகம் என்கிறார்கள். இன்னொன்று: உங்கள் 0.72 வியூஃபைண்டரில் 50 மி.மீ. கோட்டுக்கு வெளியே நிறைய உலகம் தெரிகிறது. ஃபிரேமுக்குள் நுழையப்போகிறவரை நுழையும் முன்பே பார்க்கலாம். அழுத்தும் நொடியில் காட்சி கருப்பாவதும் இல்லை. அவர் கண் சிமிட்டினாரா என்பதை அந்த நொடியிலேயே பார்த்துவிடுவீர்கள். இந்த இரண்டுக்காகவே நான் எஸ்.எல்.ஆருக்குத் திரும்பவில்லை.

லைட் மீட்டர் பற்றிக் கொஞ்சம். எம்6, ஷட்டரின் முதல் திரையில் உள்ள 12 மி.மீ. வெள்ளைப் புள்ளியிலிருந்து வரும் ஒளியை அளக்கிறது; ஃபிரேமின் பரப்பில் அது சுமார் 13 சதவீதம். முழு ஃபிரேமையும் அளக்கும் நவீன மீட்டர் என்று எண்ணி வானத்தோடு சேர்த்து அளந்தால் முகம் இருண்டுவிடும். முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். வெளிச்சம் மாறாதவரை மறுபடி அளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பு அம்புகளைத் துரத்துவதுதான் பலருடைய நேரத்தைத் தின்கிறது. நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் வெளிச்சம் கூடும் பக்கம் சாயுங்கள், ஸ்லைடு ஃபிலிமில் அந்தச் சலுகை இல்லை. எம்6-இல் பின்பக்கச் சக்கரத்தில் ஐ.எஸ்.ஓ.வை நீங்களே வைக்க வேண்டும். ஃபிலிம் டப்பாவின் குறியீட்டை அது படிக்காது. பேட்டரி தீர்ந்தால் மீட்டர் மட்டும்தான் போகும், ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். எம்7-இல் பேட்டரி இல்லாமல் 1/60, 1/125 மட்டும். கோனிக்கா ஹெக்ஸர் ஆர்எஃப், ஸைஸ் இகான் போன்றவற்றில் ஒன்றுமே ஓடாது.

உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 போட்டு எஃப்/2-இல் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஷட்டரின் உச்ச வேகம் 1/1000. அதற்கு ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. 100 போட்டு எஃப்/5.6-உடன் நிறைவடைய வேண்டும். ஃபில்டர் விஷயத்தில் இந்தக் கேமராவுக்கு ஓர் அழகு உண்டு: அடர் சிவப்பு ஃபில்டர் மாட்டினாலும் வியூஃபைண்டர் தெளிவாகவே இருக்கும். போலரைசர் மட்டும் வேலைக்காகாது, சுழற்றும்போது விளைவு தெரியாதே.

வெயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இந்தக் கேமராவில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே எஸ்.எல்.ஆரில் உள்ளது போல மறைக்கும் கண்ணாடி இல்லை. ஷட்டர் ரப்பர் பூசிய துணி. முடிவிலியில் ஃபோகஸ் ஆன லென்ஸ் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் பூதக்கண்ணாடி போலத் துணியைச் சுட்டு ஓட்டை போட்டுவிடும். பிறகு ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி. வெளியில் கேமராவை மேசைமேல் வானம் பார்த்து வைக்காதீர்கள். தோளில் தொங்கும்போது அபெர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, லென்ஸ் உடம்பைப் பார்க்குமாறு திருப்பிக்கொள்ளுங்கள். மூடி போடலாம், ஆனால் அதைக் கழற்ற மறந்தால் ஜன்னல் எச்சரிக்காது. மீட்டர் வெளிச்சம் போதாது என்று அம்பு காட்டிக்கொண்டே இருந்தால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

ஃபிலிம் போடுவதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், முழு ரோலும் வெறுமையாக வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அடித்தட்டைக் கழற்றிப் பின்கதவைத் திறங்கள். ஃபிலிம் முனையை வெளியே இழுத்து, டப்பாவையும் முனையையும் ஒன்றாக அடிப்பக்கம் வழியே உள்ளே தள்ளுங்கள். முனை, மொட்டு விரிந்தது போல இருக்கும் ஸ்பூலின் பற்களுக்கு நடுவே போக வேண்டும். பின்கதவு திறந்திருக்கும்போதே ஒருமுறை அட்வான்ஸ் செய்து, ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் மாட்டியதா என்று பாருங்கள். மூடிய பிறகு ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள். அடுத்த அட்வான்ஸில் அந்தக் கைப்பிடி தானாகச் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. படம் எண்ணும் சக்கரத்தை நம்பாதீர்கள், ஃபிலிம் மாட்டாவிட்டாலும் அது எண்ணிக்கொண்டே போகும்.

அடுத்த ரோலில் சோதனைப் படங்கள் தவிர மற்றதற்கெல்லாம் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். எச்பி5 பிளஸோ ட்ரை-எக்ஸோ, ஏதாவது ஒரு 400 ஃபிலிம். முதல் ஏழு படங்களைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்: சாய்ந்த அளவுகோல் இரண்டு லென்ஸிலும், கட்டிட ஜன்னல் வரிசை ஒன்று, ஒரே முகத்தை 1 மீட்டரில் எஃப்/2-இலும் எஃப்/4-இலும், கண்ணை நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும். ஒவ்வொன்றுக்கும் தூரம், அபெர்ச்சர் எழுதி வையுங்கள். மீதிப் படங்கள் முழுக்க எஃப்/8, 3 மீட்டர், வெளியே. கழுவி வந்ததும் அளவுகோல் படங்களில் ஃபோகஸ் தொடர்ந்து ஒரே பக்கம் விலகியிருந்தால், கேமராவையும் இரண்டு லென்ஸையும் சேர்த்தே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அந்த நெகட்டிவையும் குறிப்பையும் கூடவே கொடுத்தால் எந்தத் தூரத்தில் எவ்வளவு திருத்துவது என்று அவர் தேட வேண்டியிருக்காது.